ஆண்டீஸ் மலையடியில் – 7: இடிந்த மெந்தோசாவும் எழுந்த மெந்தோசாவும்

1817-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஜெனரல் சான் மார்ட்டினுடைய சேனை அர்ஜென்டீனாவின் மெந்தோசா நகரை விட்டு மலையேறியதையும், பிப்ரவரி 12-ஆம் தேதி சக்காபூக்கோ யுத்தத்தில் ஸ்பானியப் படையை முறியடித்துச் சிலி தேசத்தின் விடுதலைக்கு வழி திறந்ததையும் சென்ற இதழில் கண்டோம். ஜயகோஷம் சேனையோடு மலைக்கு அப்பால் சென்றுவிட்டது. மலைக்கு இப்பால் மிஞ்சிய ஊர் எந்தக் கதியில் இருந்தது என்பதைச் சரித்திராசிரியர்களில் அநேகர் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். சேனையின் சுமையைத் தூக்கிச் சென்ற ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கோவேறு கழுதைகளில் பாதிகூட உயிரோடு சிலியை எட்டவில்லை. அடிமைகளாக இருந்தவர்களில் படைக்குத் தகுந்த வயதினர் பெரும்பாலோர் விடுதலை வாக்குறுதியைப் பெற்றுத் துப்பாக்கி ஏந்திப் போய்விட்டார்கள். அவர்களில் திரும்பியவர் சிலரே. பணக்கார வீட்டுப் பெண்களின் நகைகளும், கைவினைஞர்களின் உழைப்பும், வணிகர்களின் பெட்டிப் பணமும் அந்த ஒரு காரியத்தில் கரைந்து போயின. ஒரு தேசம் பிறப்பதற்கு ஒரு நகரம் தன்னையே அடகு வைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது. அடகை மீட்க அந்த நகரத்துக்கு ஏறக்குறைய எழுபது வருஷம் ஆயிற்று.

அந்த எழுபது வருஷத்தின் முற்பகுதியைப் பற்றி விரித்து எழுத அதிகமில்லை. 1820-இல் கூயோ மாகாணம் மெந்தோசா, சான் ஹுவான், சான் லூயிஸ் என்று மூன்றாகப் பிரிந்தது. உள்நாட்டுச் சண்டைகள் ஓயவில்லை. தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். இந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு சிறு சம்பவத்தை மட்டும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1823-இல் பெரு நாட்டிலிருந்து எல்லாப் பதவிகளையும் துறந்து மெந்தோசாவுக்குத் திரும்பிய சான் மார்ட்டின், தம் விருந்தினர் சிலருக்கு இரண்டு வகைத் திராட்சை மதுவைக் கொடுத்தாராம். ஸ்பெயினிலிருந்து வந்த மாலகா மதுவின் சீட்டை மெந்தோசாப் புட்டியிலும், மெந்தோசா மதுவின் சீட்டை மாலகாப் புட்டியிலும் முன்கூட்டியே மாற்றி ஒட்டச் செய்திருந்தார். விருந்தினர், மெந்தோசாச் சீட்டு ஒட்டிய மாலகாவைச் சுவைத்து ‘சுமார்’ என்று உதட்டைப் பிதுக்கினார்கள். மாலகாச் சீட்டு ஒட்டிய உள்ளூர்ச் சரக்கை ஆகா என்று கொண்டாடினார்கள். அவரோடு அமர்ந்து அருந்திய ஒலசாபால் என்ற படை அதிகாரி தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்து வைத்த கதை இது. ஸ்பெயினைப் போர்க்களத்தில் வென்றவர்களுடைய நாக்கு அதுவரை ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்டே இருந்தது என்பதை அந்தத் தளபதி சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறார்.

அந்த விருந்தினரையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. அக்காலத்து மெந்தோசா மது எப்படித் தயாரானது என்று பார்த்தால் அவர்களுடைய அவநம்பிக்கைக்குக் காரணம் தெரியும். நான்கு கழிகளுக்கு நடுவே ஒரு மாட்டுத்தோலைத் தொட்டிலாகக் கட்டி, அதில் திராட்சைக் குலைகளைக் கொட்டி, ஆட்கள் வெறுங்காலால் மிதித்துச் சாறு எடுப்பார்கள். சாறு பெரிய மண் தாழிகளில் புளிக்கும். பழமோ பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு வந்து அந்த மண்ணில் ஊறிப்போன ‘கிரியோல்லா’ என்னும் நாட்டு ரகம். நிறையக் காய்க்கும், ஆனால் நயம் குறைவு. இப்படித் தயாரான மதுவைத் தாழிகளிலும் தோற்பைகளிலும் நிரப்பி, மாட்டு வண்டிகளில் ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சமவெளியைக் கடந்து புவனோஸ் ஐரிசில் இறக்குவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். வழியில் வெயில், வழியில் சுங்கம், சமயத்தில் கொள்ளை. கடல் வழியாக வந்து துறைமுகத்திலேயே இறங்கும் கத்தலோனிய மதுவோடு இந்தச் சரக்கு போட்டியிட முடியுமா? ஆகவே மெந்தோசா நிலக்காரர்கள் கொடிகளைச் சிறிதளவு வைத்துக்கொண்டு, பெரும் பரப்பில் குதிரைமசால் பயிரிட்டு, சமவெளியிலிருந்து வந்த மாடுகளை அதிலே மேயவிட்டுக் கொழுக்க வைத்து, கோடைகாலத்தில் கணவாய் வழியாகச் சிலிக்கு ஓட்டிச் சென்று விற்றுப் பிழைத்தார்கள். இன்று உலகமெங்கும் மதுவினால் பெயர் பெற்ற நகரம் அன்று மாட்டுத் தீவன ஊராக இருந்தது.

1835-ஆம் வருஷம் மார்ச் மாதத்தின் கடைசி வாரத்தில், இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் போர்த்தில்லோ கணவாயைத் தாண்டி இவ்வூர்ப் பக்கம் இறங்கினார். ‘பீகிள்’ கப்பலில் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த சார்ல்ஸ் டார்வின்தான் அவர். வழியில் வெட்டுக்கிளிக் கூட்டமொன்று வானத்தைச் செந்நிற மேகமாக மூடியதையும், லூஹான் என்ற கிராமத்தில் தங்கிய இரவு, ரத்தம் உறிஞ்சும் பெரிய கரும்பூச்சிகள் தம் உடம்பின் மேல் ஊர்ந்ததையும் அருவருப்போடு குறித்து வைத்தார். மெந்தோசாவில் அரைப் பென்னி விலைக்கு மனிதத் தலையைப் போல் இரு மடங்கு பெரிய தர்ப்பூசணி கிடைத்தது. மூன்று பென்னிக்குத் தள்ளுவண்டியில் பாதி நிறையப் பீச் பழம் கிடைத்தது. ஆனால் ஊரைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. களையிழந்து சோம்பிக் கிடக்கும் ஊர் என்றே அவருக்குப் பட்டது. உண்டு உறங்கி வாழ்வதற்கு நல்ல இடம், பணம் சேர்ப்பதற்குத் தகாத இடம் என்பது உள்ளூர்க்காரர்களே அவரிடம் ஒப்புக்கொண்ட விஷயம். ஆயினும் விஞ்ஞானியின் கண் ஒன்றைத் தவறவிடவில்லை: முட்புதர் தவிர வேறொன்றும் முளைக்காத பாலைநிலம், மனிதன் நீர் கொண்டுவந்த இடத்தில் மட்டும் சோலையாக மாறியிருந்தது அவரை வியக்க வைத்தது.

இங்கேதான் இந்த நகரத்தின் மர்மஸ்தானம் இருக்கிறது. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்றை ஆண்டீஸ் மலை மறித்துச் சிலியின் பக்கமே பொழிய வைத்துவிடுகிறது. மெந்தோசாவில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டர் அளவுதான். மலைச் சிகரங்களின் பனி உருகி ஆறாக இறங்காவிட்டால் அங்கே ஒரு கொடியும் இல்லை, ஒரு குடியும் இல்லை. அந்த ஆற்று நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பும் வித்தையை ஸ்பானியர் கொண்டுவந்ததாக எண்ணுவோர் உண்டு. ஆனால் 1561 மார்ச்சில் பேத்ரோ தெல் காஸ்தில்யோ நகரத்துக்குக் கால்கோள் செய்தபோது, வாய்க்கால்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. உவார்ப்பே என்னும் பழங்குடி மக்கள் அவற்றை வெட்டிச் சோளமும் பூசணியும் விளைவித்துக்கொண்டிருந்தார்கள். இங்கா சாம்ராஜ்யத்தின் கை அப்பிரதேசத்துக்கு நீண்ட பிறகு அந்தப் பாசனம் இன்னும் விரிந்திருக்கலாம். ஸ்பானியர் நிலத்தையும் எடுத்துக்கொண்டார்கள், வாய்க்காலையும் எடுத்துக்கொண்டார்கள். வாய்க்கால் வெட்டியவர்களைக் கூட்டங்கூட்டமாக மலைக்கு அப்பால் ஓட்டிச் சென்று சிலியின் பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் வேலை வாங்கினார்கள். பனிக் கணவாயில் விழுந்து இறந்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் யாருமில்லை. நகரத்தின் பிரதான வாய்க்கால் மட்டும் குவாய்மஜேன் என்ற உவார்ப்பேத் தலைவனுடைய பெயரை இன்றளவும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

ஊரின் தலைவிதியை மாற்றிய முதல் மனிதர் ஒரு தோட்டக்காரர். மிஷேல் எமே பூஜே என்ற பிரெஞ்சுக்காரர் சிலியின் தலைநகரில் இருந்த விவசாயத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சிலியில் நாடு கடந்து வாழ்ந்த காலத்தில் இத்தகைய தோட்டங்களின் பயனை நேரில் கண்டிருந்த தொமிங்கோ சார்மியெந்தோ, பிற்காலத்தில் அர்ஜென்டீனாவின் ஜனாதிபதியானவர், அதே போன்ற தோட்டமும் பள்ளியும் மெந்தோசாவில் வேண்டும் என்று விடாமல் தூண்டினார். 1853 ஏப்ரல் 17-ஆம் தேதி அதற்கான மசோதா மாகாணச் சட்டசபைக்கு வந்தது, அவ்வருஷமே சட்டமுமாயிற்று. பூஜே கொண்டுவந்த பிரெஞ்சுக் கொடிக் குச்சிகளில் ஒன்று மால்பெக். பிரான்சின் தென்மேற்கில் காவோர்ப் பக்கத்து ரகம் அது. கறுத்த பழம், மெல்லிய தோல், மழை ஈரத்துக்கும் உறைபனிக்கும் எளிதில் வாடிவிடும் சுபாவம். காவோரில் நோஞ்சானாக இருந்த அந்தச் செடி, மெந்தோசாவின் வறண்ட காற்றிலும், பகல் வெயிலிலும், மலையடிவாரத்தின் குளிர்ந்த இரவிலும் இதற்காகவே காத்திருந்தது போல் தழைத்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் ‘பிரெஞ்சுத் திராட்சை’. அதன் பிறகு சில வருஷங்களில் பிரான்சிலேயே ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் பரவி லட்சக்கணக்கான ஏக்கர் கொடிகளைத் தின்று தீர்த்தது என்பதை நினைத்தால், பூஜே மலை கடத்தி வைத்த குச்சிகளின் அருமை விளங்கும். ஆனால் அன்று அதை மதித்தவர் அதிகமில்லை. குதிரைமசால் லாபம் தந்துகொண்டிருந்தபோது புதுக் கொடிக்கு யார் நிலம் ஒதுக்குவார்கள்?

இந்நிலையில் வந்தது 1861.

மார்ச் 20-ஆம் தேதி, புதன்கிழமை. தென் பூகோளத்தில் அது இலையுதிர் காலத்தின் தொடக்கம். திராட்சை அறுவடை நடக்கும் பருவம். இரவு வேளை. மெந்தோசாவின் வீடுகள் வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் கட்டப்பட்டுக் கனத்த கூரை தாங்கியவை. தெருக்களோ ஸ்பானியர் தம் வழக்கப்படி குறுகலாக வகுத்தவை. மாதா கோவில்களின் கோபுரங்கள் ஊரின் செல்வத்துக்கு மிஞ்சிய உயரம் கொண்டவை. பூமி குலுங்கியது சில விநாடிகள்தான். எதிரெதிர் வரிசைச் சுவர்கள் இரண்டு பக்கமிருந்தும் தெருவுக்குள் சாய்ந்தன. வீட்டை விட்டு ஓடியவர்கள் தெருவிலே புதைந்தார்கள், வீட்டில் நின்றவர்கள் வீட்டிலே புதைந்தார்கள். விளக்குகளும் அடுப்புகளும் கவிழ்ந்து உத்தரங்களில் தீப்பற்றிற்று. அந்தத் தீ பல நாள் எரிந்தது. ஊருக்குள் ஓடிய வாய்க்கால்கள் இடிபாட்டால் அடைபட்டு, ஜலம் வழி தவறித் தெருக்களில் பரந்தது. இடிபாட்டுக்கு அடியில் உயிரோடு கிடந்தவர்களுக்கு மேலிருந்து நெருப்பும் கீழிருந்து நீரும் வந்த கொடுமையை எந்தப் பேனாவும் முழுக்க எழுதிவிட முடியாது. போதாக்குறைக்குக் கொள்ளைக்காரர்களும் வந்தார்கள். மாண்டவர் தொகை நாலாயிரத்துக்குக் குறையாது. ஆறாயிரத்துக்கு மேல் என்று எழுதினோரும் உளர். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் நகரத்து ஜனங்களில் மூவரில் ஒருவராவது அந்த இரவில் போனார்கள்.

போனவர்களில் ஒருவர் அகுஸ்த் பிராவார். சமவெளிகளின் மண்ணைத் தோண்டி, அழிந்துபட்ட பேருருவ மிருகங்களின் எலும்புகளை ஆராய்ந்து புகழ் பெற்ற பிரெஞ்சு நிலவியல் அறிஞர். இந்நகரம் ஒரு நாள் பூகம்பத்தால் அழியும் என்று அவர் முன்னமே சொல்லி வைத்திருந்தார் என ஒரு கதை பின்னால் பரவிற்று. மலைக்கு அப்பால் சிலியின் நகரங்கள் ஒன்று மாற்றி ஒன்று நிலநடுக்கத்தால் இடிந்துகொண்டிருந்த காலத்தில் நிலவியல் கற்ற எவரும் அப்படிச் சொல்லியிருக்கலாம். டார்வின் மெந்தோசாவுக்கு வந்ததற்கு ஒரு மாதம் முன்புதான் சிலியில் பெரும் பூகம்பத்தைத் தாமே அனுபவித்து வந்திருந்தார். ஆனால் ஆபத்தை அறிந்த ஒருவர் அந்த ஊரிலேயே படுத்து உறங்கினார் என்பதை நம்ப எனக்குச் சற்றுத் தயக்கம்தான். பேரழிவுக்குப் பிறகு ஊர்கள் தமக்கு ஒரு தீர்க்கதரிசியைத் தேடிக்கொள்வது வழக்கம். இறந்தவர் மறுப்புச் சொல்ல வரமாட்டார்.

உயிர் பிழைத்தவர்கள் திறந்த வெளியில் துணியும் கிளையும் கொண்டு குடிசை போட்டுக்கொண்டார்கள். சிலியிலிருந்து மருந்தும் பணமும் மலையேறி வந்தன. அந்த நன்றியை இன்றைய நகரின் ‘சிலி சதுக்கம்’ பெயரளவில் சுமக்கிறது. அதன் பின் தொடங்கியது ஒரு நீண்ட வழக்கு. நகரத்தைப் பழைய இடத்திலேயே கட்டுவதா, வேறிடம் தேடுவதா? பழைய மனைக்குச் சொந்தக்காரர்கள் இடிபாட்டை விட்டு நகர மறுத்தார்கள். செங்கல் இடிந்தாலும் பத்திரம் இடியவில்லை அல்லவா? அரசாங்கமோ தென்மேற்கே, சான் நிக்கொலாஸ் என்ற பண்ணை நிலத்தின் மேல் கண் வைத்தது. இரண்டு வருஷ இழுபறிக்குப் பிறகு 1863-இல் அரசாங்கத்தின் பக்கம் முடிவாயிற்று. வசதியுள்ளவர்கள் புதிய இடத்துக்குப் போனார்கள்; வசதியற்றவர்கள் இடிபாட்டுச் சுவர்களில் சாய்ப்பு இறக்கிக்கொண்டு பழைய ஊரிலேயே தங்கிவிட்டார்கள். ஸ்பானியர் காலத்து நகரசபை மாளிகை நின்ற இடத்தில் பின்னாளில் கசாப்புக்கூடம் வந்தது. 1993-இல் அங்கே ஒரு காட்சிசாலை திறக்கப்பட்ட பிறகுதான், கசாப்புக்கூடத்துத் தரைக்கு அடியில் நகரசபையின் தரை கிடப்பதை ஜனங்கள் பார்க்கும்படி ஆயிற்று. பக்கத்தில், ஜெசுவிட் பாதிரிகள் கட்டிய கோவிலின் உடைந்த வளைவுகள் இன்றும் நிற்கின்றன.

புதிய நகரத்தை வரைந்தவர் பலோஃபே என்ற பிரெஞ்சு நில அளவையாளர். மேதாவிலாசம் என்ற சொல்லை நான் எளிதில் கையாளுவதில்லை. இவருடைய வரைபடத்துக்கு அது தகும். நடுவே நான்கு மனைத் தொகுதிகளை ஒன்றாக்கிய பெரிய சதுக்கம். அதன் நான்கு மூலைகளுக்கும் எதிரே, சம தூரத்தில் ஒவ்வொரு சிறு சதுக்கம். பூமி மறுபடி குலுங்கினால் எந்தத் தெருவிலிருந்து ஓடினாலும் சுவர் எட்டாத வெளி ஒன்று அருகிலேயே இருக்க வேண்டும் என்பது இதன் கருத்து. தெருக்களை அகலமாக வகுத்தார்; சுவர்கள் சாய்ந்தாலும் நடுவில் மனிதன் நிற்க இடம் இருக்கும். வீடுகளை உயர்த்தாமல் தாழ்வாகக் கட்டும்படி ஆயிற்று. ஆனால் பாலைநிலத்தில் தெருவை அகலமாக்கினால் வெயில் கொளுத்துமே! அதற்கும் விடை வாய்க்காலிடமே கிடைத்தது. நடைபாதைக்கும் வண்டிப் பாதைக்கும் நடுவே ஒவ்வொரு தெருவிலும், இரு மருங்கிலும், ஒரு வாய்க்கால். வாய்க்காலின் கரையிலோ உள்ளேயோ வேர் பதித்த மர வரிசை.

இன்று மெந்தோசாவுக்குப் போகிறவர் முதலில் காண்பது இதைத்தான். மல்பெரியும் பிளேன் மரமும் கிளை கோத்துத் தெருவுக்கு மேலே பந்தல் போட்டிருக்கின்றன. அந்த லட்சக்கணக்கான மரங்களில் தானாக முளைத்தது என்று ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது, எல்லாம் நட்டவை, எல்லாம் பாசனத்தால் உயிர் தரிப்பவை. தெருவோர வாய்க்கால் பல இடங்களில் முழங்காலுக்கு மேல் ஆழமுள்ளது, கல்லும் சிமெண்டும் பாவியது, மூடியற்றது. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் முன்னால் அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். உள்ளூர்க் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே அதைத் தாண்டவும் பழகிவிடுகின்றன. வெளியூர்க்காரர்கள்தாம் கடை வாசல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்து காலை விட்டுவிடுகிறார்கள், மோட்டார் ஓட்டுகிறவர்கள் சக்கரத்தை இறக்கிவிடுகிறார்கள். தண்ணீர் எந்நேரமும் ஓடுவதில்லை. முறை வரும் நாளில் மதகு திறப்பார்கள். வறண்டு கிடந்த பள்ளத்தில் முதலில் சருகும் குப்பையும் நகரும், பின்னால் மலைச் சேற்றின் பழுப்பு நிறத்தில் நீர் விரைந்து வரும்.

ஊர் பிழைத்தது, இனி செல்வம் வர வேண்டும். அதற்குப் பூஜேயின் கொடி இருந்தது, ஆறும் இருந்தது. ஆற்று நீரை யார் எவ்வளவு எடுப்பது என்ற நியதி மட்டும் இல்லை. 1884-இல் மாகாணம் ஒரு நீர்ச் சட்டம் இயற்றிற்று. மிகைப்பேச்சில்லாத அந்தச் சட்டத்தின் சாரம் இது: நீருக்கான உரிமை நிலத்தோடு ஒட்டியது, நிலத்தை விற்றால் நீரும் போகும், நிலத்தை வைத்துக்கொண்டு நீரை மட்டும் பிரித்து விற்க முடியாது. இந்த ஒரு விதியினால், தண்ணீரை வாங்கிக் குவித்து ஏழை விவசாயியை வறள விடும் வியாபாரம் அங்கே தலையெடுக்க முடியாமல் போயிற்று. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் அதன் பாசனதாரர்களே ஒரு மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மதகைத் திறந்து மூடி முறை விடுகிற ஊழியனுக்குத் தொமேரோ என்று பெயர். நம் ஏரிப்பாசன ஊர்களின் நீர்க்கட்டியை அப்படியே அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அவனுக்குப் புதிதாகக் கற்பிக்க ஒன்றும் இராது. முறை நடுநிசியில் வந்தால் விவசாயி நடுநிசியில் மண்வெட்டியோடு போய் மடை திருப்ப வேண்டும். உறங்கிவிட்டால் அந்தச் சுற்று போனது போனதுதான். அண்டை வயல்காரனோடு அடிதடியும் உண்டு. சட்டம் இயற்றி நூற்று நாற்பது வருஷமாகியும் நடப்பில் இருக்கிறது.

சட்டம் காகிதத்தில் பிரித்த நீரைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு பிரிக்க இத்தாலியிலிருந்து ஒருவர் வந்தார். சேசரே சிப்போலெத்தி என்ற அந்த எஞ்சினீயருடைய பெயர் நம் நாட்டுப் பொறியியல் மாணவர்களுக்கு அந்நியமன்று: வாய்க்காலில் ஓடும் நீரை அளப்பதற்கு, பக்கங்கள் நாலுக்கு ஒன்று என்ற சரிவில் சாய்ந்த சரிவக வடிவத் தடுப்பொன்றை அவர் வகுத்தார், ‘சிப்போலெத்தி வியர்’ என்று பாடப்புத்தகத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள், அதற்கு உரியவர் ஆண்டீஸ் மலையடியில் வேலை பார்த்தார் என்பதை அறிந்திருக்க மாட்டார்கள். 1880-களின் கடைசியில் அழைப்பின் பேரில் வந்தவர், மெந்தோசா ஆறு மலையை விட்டு வெளிப்படும் லூஹான் பக்கத்தில் அணை கட்டி, வலப்புறமும் இடப்புறமும் கால்வாய்களுக்கு நீரைப் பங்கிட்டார். அதற்கு முன் ஆற்றில் வெள்ளம் வரும்போதெல்லாம் மரமும் கல்லும் கொண்டு போட்ட கொரம்பு அடித்துக்கொண்டு போகும்; பாசனம் அறுபட்டுக் கிடக்கும். இப்போது நீர் நிலைத்தது, நிலம் விரிந்தது.

நீர் ஒரு பக்கம் விரிந்தால் மற்றொரு பக்கம் சுருங்கத்தானே வேண்டும். மெந்தோசா ஆற்றின் கடைமடையில், பாலைநிலத்துக்கு நடுவே, குவானகாச்சே என்ற ஏரித்தொடர் இருந்தது. ஸ்பானியருக்குத் தப்பிய உவார்ப்பே மக்கள் அந்த ஏரிகளின் கரையில் கோரைப்புல் தெப்பம் கட்டி மீன் பிடித்து வாழ்ந்தார்கள். நகரத்துச் சந்தைக்கு மீன் அங்கிருந்துதான் போயிற்று. மேலே கொடிகள் பெருகப் பெருகக் கீழே ஏரிகள் வற்றின. இருபதாம் நூற்றாண்டில் அவை பெரும்பாலும் உப்புப் படிந்த களிமண் தரையாகிவிட்டன. மீன் பிடித்தவர்களின் சந்ததியார் இன்று ஆடு மேய்க்கிறார்கள். மாகாணத்தின் பரப்பில் நூற்றில் ஐந்து பங்குக்கும் குறைவானதே பாசன நிலம். அந்தச் சிறு பசுமைக்குள்ளேதான் ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். வாய்க்காலை முதலில் வெட்டிய குலத்துக்கு வாய்க்காலின் கடைசிச் சொட்டும் எட்டவில்லை என்பதை மெந்தோசாவின் புகழைப் பாடும் புத்தகங்கள் மெதுவாகத் தாண்டிப் போய்விடுகின்றன, நாம் தாண்டுவதற்கில்லை.

1885 ஏப்ரலில் ரயில் வந்தது. ஜனாதிபதி ரோக்காவே நேரில் வந்து பாதையைத் திறந்து வைத்தார். மாட்டு வண்டியில் ஒரு மாதத்துக்கு மேல் பிடித்த தூரம் சில நாட்களுக்குள் அடங்கிற்று. புவனோஸ் ஐரிசில் லட்சக்கணக்கில் வந்து இறங்கிக்கொண்டிருந்த இத்தாலியர்களும் ஸ்பானியர்களும் சாப்பாட்டோடு மது இல்லாமல் இருக்கமாட்டாதவர்கள். குடிப்பவர்களும் அவர்களே, கொடி வளர்க்கத் தெரிந்தவர்களும் அவர்களே! திபூர்சியோ பெனேகாஸ் என்பவர் இந்த வாய்ப்பை முன்னரே கணித்து 1883-இல் எல் த்ரபிச்சே என்ற மதுச்சாலையைத் தோற்றுவித்தவர். 1887-இல் அவரே மாகாணக் கவர்னரானார். புதிதாகக் கொடி நட்ட நிலத்துக்கு வரிச் சலுகை கொடுத்தார்கள். கையில் காசில்லாமல் வந்த குடியேறிக்கு நிலக்காரர் ஒரு பத்தி நிலத்தை ஒப்படைப்பார். அவன் முட்புதரை வெட்டி, தரையைச் சமப்படுத்தி, வாய்க்கால் இழுத்து, கொடி நட்டுச் சில வருஷம் வளர்த்துக் காய்ப்புக்குக் கொண்டுவந்து தர வேண்டும். கூலியாக ஒரு கொடிக்கு இவ்வளவு என்று பணமோ, ஆரம்ப வருஷங்களின் விளைச்சலோ அவனுக்கு. நல்ல விளைச்சலும் நல்ல விலையும் சேர்ந்து வாய்த்தவன் அந்தப் பணத்தில் சொந்த நிலம் வாங்கினான். ஆலங்கட்டி மழை வாய்த்தவன் அடுத்த ஒப்பந்தத்துக்குக் கைகட்டி நின்றான். இப்படி வந்தவர்களில் சிலருடைய பெயர் ஒரு தலைமுறைக்குள் மதுப் பீப்பாய்களின் மேல் ஏறிற்று: தோம்பா, ஜியோல், கர்கன்தீனி. குதிரைமசால் வயல்கள் மாயமாய் மறைந்தன. கண்ணுக்கெட்டிய தூரம் கம்பிப் பந்தலில் கொடிகள் நின்றன.

1910-இல், கிளார்க் சகோதரர்கள் இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் தொடங்கிய பல்சக்கர ரயில்பாதை மலையைக் குடைந்து சிலியை எட்டியபோது, சான் மார்ட்டினுடைய சேனை வாரக்கணக்கில் நடந்த மலையை ஒரு பகலில் கடக்க முடிந்தது. அதற்குள் மெந்தோசா பணக்கார ஊராகிவிட்டது. பணத்தோடு அவசரமும் வந்தது. மதுவில் தண்ணீர் கலந்தவர்களும், திராட்சையே படாமல் மது செய்தவர்களும் உண்டு. தரத்தைப் பார்க்காமல் அளவைப் பெருக்கிக்கொண்டே போனதன் பலன் 1930-களில் கிடைத்தது. அரசாங்கம் ஒரு வாரியத்தை நியமித்து, கொடிகளை வேரோடு பிடுங்கச் சொல்லி, பீப்பாய் பீப்பாயாக மதுவைத் திறந்து வாய்க்கால்களில் ஓடவிட்டது. அதே பத்தாண்டில்தான், 1936-இல், அறுவடைத் திருவிழாவை ராஜாங்க உத்தரவு போட்டுத் தொடங்கினார்கள். கொட்டியதையும் கொண்டாடியதையும் சேர்த்து அடுத்த இதழில் பார்ப்போம்.